முத்துக் கணக்கும் மெய்க் கணக்கும்

எழுத்தில் ஏறியது யாவும் மெய் என்று கொள்ளும் இயல்பு மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஓலையில் இருந்தது மெய். அச்சில் வந்தது அதனினும் மெய். இன்று கணினித் திரையில் தோன்றுவதோ அனைத்தினும் மெய் எனப்படுகின்றது. அலுவலகத்துக்குச் சென்று, "என் தந்தையார் பெயரில் ஓரெழுத்துப் பிழைபட்டுள்ளது" என முறையிடும் ஒருவனுக்கு, "கணினியில் இவ்வாறுதான் இருக்கின்றது" என்னும் விடையே பெரும்பாலுங் கிடைக்கின்றது. அவ்விடையோடு வழக்கு முடிந்துவிடுகின்றது. பிழை முறையிட்டவனிடத்ததா, பதிவினிடத்ததா என்னும் வினா அங்கு எழுவதேயில்லை. இவ்விடை அறிவுக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுத்தளம் என்பது ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய செய்திகளை ஒழுங்குபடுத்திக் கணினியிற் சேர்த்து வைக்கும் பதிவேடு. பாடசாலைச் சேர்வு இடாப்பு, வங்கிக் கணக்கு, வாக்காளர் இடாப்பு, நூலகப் பட்டியல் ஆகியவை இன்று பெரும்பாலும் இவ்வடிவிலேயே பேணப்படுகின்றன. இத்தகைய பதிவேட்டுக்கு இன்றியமையாத பண்புகள் இரண்டு. ஒன்று இசைவு, அஃதாவது, ஒரு பதிவு பிறிதொரு பதிவோடு முரணாமை. மற்றது உண்மை, அஃதாவது, பதிவு தான் குறிக்கும் பொருளோடு முரணாமை. ஒரு மாணவன் பிறந்த ஆண்டு சேர்வு இடாப்பில் 2010 எனவும், பரீட்சை விண்ணப்பத்தில் 2011 எனவும் இருப்பின், அங்கே இசைவில்லை. இரண்டிலும் 2011 என்றே இருந்து, அவன் பிறந்தது 2010 ஆயின், இசைவு உண்டு, உண்மை இல்லை. முன்னைய பிழையைக் கணினி கண்டு கூறும். பின்னையதை அது தானாகக் காண மாட்டாது. இவ்விரு பண்புகளையும் ஒன்றென மயங்குவதே மேற்காட்டிய விடைக்கு மூலமாகும். இவற்றின் வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுதற்கு நமது மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை எதிர்நோக்கிய கடலில் முத்துச் சிப்பிகள் வாழும் பார்கள் பல உள. முதற் பிரித்தானிய ஆள்பதியாகிய பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு அரிப்பிற் கட்டிய மாளிகையின் இடிபாடு அத்தொழிலின் பெருமையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரிச்சுக்கட்டியின் மணற்பரப்பில் முத்துக்குளிப்புக் காலத்துக்கென ஒரு நகரமே எழும். குடாவின் இருகரைத் தமிழரும், முஸ்லிம்களும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும் அங்கே ஒருங்கு குழுமுவர். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேற்பட்டவை. அரசினருக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய்.

இத்துணைப் பெருந்தொகையான சிப்பிகளைக் களவும் கலகமும் மிகாது கணக்கிட்ட முறை கருதத்தக்கது. கரைசேர்ந்த படகின் சிப்பிகள் அனைத்தும் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பினுள் கொண்டுசெல்லப்படும். ஆங்கே குளிகாரர் தாமே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அதன்பின் அரசினரின் அலுவலர் வந்து, இக்குவியல் உங்களுடையது என ஒன்றைச் சுட்டுவார். எஞ்சிய இரண்டும் அரசினர் பங்கு. அப்பங்கு எண்ணப்பட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என மாலையில் ஏலம் விடப்படும்.

இம்முறையின் நுட்பம் யாது? பிரிப்பவன் ஒருவன், தெரிபவன் வேறொருவன். எக்குவியல் தனக்கு வருமெனக் குளிகாரன் அறியான். ஆதலின் ஒரு குவியலைச் சிறிதாக்குவானாயின், அதுவே தன் பங்காய் வந்து வாய்க்கக்கூடும். குளிகாரனின் நேர்மையையும் அலுவலரின் விழிப்பையும் மட்டும் நம்பி இவ்வேற்பாடு நிற்கவில்லை. நேர்மை முறையின் அமைப்பிலேயே பொதிந்து கிடந்தது. காவலாளனைப் பெருக்குவதிலும் களவுக்கு இடமில்லாத அமைப்பை வகுப்பது மேல் என்னும் இவ்வுண்மையே இக்காலத் தரவுத்தளக் கலைக்கும் அடிப்படையாகும்.

அக்கலைக்கு உறுதியான கோட்பாட்டை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கர் கொட் என்னும் கணித அறிஞர். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரை, செய்திகளை அட்டவணைகளாகவும், அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புற்றனவாகவும் அமைக்கும் நெறியைக் கூறிற்று. அந்நெறியிற் பிறந்த விதிகளைக் கொட்டினை வைத்தே விளக்கலாம். முதலாவது, ஒவ்வோர் இடத்திலும் இன்ன வகைச் செய்திதான் வரலாம் என்னும் வரம்பு. சிப்பியின் தொகை எழுதுமிடத்தில் எண்ணையன்றிப் பெயரை எழுதலாகாது. அவ்வெண்ணும் சுழியத்திற் குறைதலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு பொருளையும் ஐயமின்றிச் சுட்டும் முதன்மைச் சாவி. ஒரே பெயருடைய படகுகள் இரண்டு இருக்கலாம். ஒரே எண்ணுடைய படகுகள் இரண்டு இருத்தலாகாது. மூன்றாவது, சுட்டப்படும் பொருள் உளதாதல் வேண்டும் என்பது. 120ஆம் எண் படகின் கணக்கென்று ஒரு வரி இருப்பின், படகுப் பட்டியலில் 120ஆம் எண் இருந்தே ஆகவேண்டும். இவ்விதிகளை மீறும் பதிவைத் தரவுத்தளம் ஏற்க மறுக்கும்.

இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது முழுமை விதி. ஏலத்தில் ஆயிரம் சிப்பி விற்கப்பட்டால், அரசினர் இருப்பில் ஆயிரம் குறைதல் வேண்டும். வாங்கினவன் கணக்கில் ஆயிரம் கூடுதல் வேண்டும். முன்னது எழுதப்பட்டுப் பின்னது எழுதப்படுமுன் விளக்கு அணைந்துவிடின், அவ்வாயிரம் ஒருவருக்கும் உரியதன்றிப் போகும். ஆதலின் ஒரு செயலின் கூறுகள் யாவும் ஒருங்கே நிறைவேறல் வேண்டும். இன்றேல் ஒன்றும் நிறைவேறாதொழிதல் வேண்டும். இத்துறையில் ஜிம் கிரே என்னும் அறிஞர் ஆற்றிய பணி பெரிது. 1998ஆம் ஆண்டுக்குரிய தூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. வங்கியில் நாம் இடும் பணம் நடுவழியிற் காணாமற் போகாதிருப்பது இவ்விதியினாலேயாம்.

இதுகாறும் கூறியவை தரவுத்தளத்தின் சிறப்பு. அச்சிறப்பை மறுப்பது நம் கருத்தன்று. எனினும், இவையனைத்தும் இசைவைக் காக்கும் விதிகளே என்பதை நோக்குக. உண்மையின் வாயிலில் இவை நின்றுவிடுகின்றன. இதனையும் முத்துக்குளிப்பே காட்டும்.

1892 முதல் 1902 வரை பதினோராண்டுகள் முத்துக்குளிப்பு நிகழவில்லை. காரணமறிய விரும்பிய அரசினர் அழைப்பின்பேரில், விலங்கியற் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தார். ஹோர்னெல் என்பார் அவருக்குத் துணையாயினார். அவர்தம் ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக அரச கழகத்தாரால் வெளியிடப்பெற்றது. 1903 தொடக்கம் முத்துக்குளிப்பும் தொடர்ந்து நிகழ்ந்தது. வருவாய் ஆண்டுதோறும் பெருகிற்று. கொட்டின் கணக்குகளோ ஐயத்துக்கிடமின்றி இருந்தன. அவற்றைக் கண்ட வணிகர் நிறுவனமொன்று 1906இல் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1906, 1907 ஆகிய இரண்டாண்டுகளும் முத்துக்குளிப்பு நடந்தது. பின்னர்ப் பார்கள் வறிதாயின. நிறுவனமும் சில ஆண்டுகளிற் கலைந்தது. பேரளவில் நிகழ்ந்த முத்துக்குளிப்புகளில் 1925ஆம் ஆண்டினதே கடைசியாகும்.

இங்கே தவறியது யாது? எண்ணியவர் தவறவில்லை, கூட்டியவர் தவறவில்லை. கரைக்கு வந்த சிப்பிகளின் கணக்கு மெய்யே. கடலடியிற் கிடந்தவற்றின் கணக்கோ அத்தகையதன்று. சில இடங்களிற் குளித்தெடுத்த மாதிரிகளைக் கொண்டு பாரின் பரப்பால் பெருக்கிப் பெற்ற மதிப்பீடே அது. மதிப்பிட்ட நாளுக்கும் குளிக்கும் நாளுக்குமிடையே தென்மேற்குப் பருவக்காற்று மணலைப் புரட்டிச் சிப்பிகளை மூடலாம், மீன்கள் தின்றழிக்கலாம். பெரிய பார் என்னும் பாரில் இளஞ்சிப்பிகள் நிறைவதும், முதிர்வதற்கு முன் அற்றுப்போவதும் பல முறை நிகழ்ந்ததை ஹெர்ட்மன் எடுத்துக்காட்டியிருக்கின்றார். ஆயினும், எண்ணப்பட்டதும் மதிப்பிடப்பட்டதும் ஏட்டில் ஏறியபின் ஒரே வடிவ எண்களாகவே தோன்றுகின்றன. எது கையால் எண்ணியது, எது கருத்தால் அளந்தது, எது சென்ற ஆண்டினது என்பதை எண் தானாகச் சொல்லாது. ஆகவே, ஒரு செய்தியோடு அது பெறப்பட்ட வழியையும் நாளையும் உடன் பதியாத ஏடு, எத்துணை இசைவுடையதாயினும், குறையுடைய ஏடே என்க.

இனி, பெயர்பற்றிய இடர்ப்பாட்டை நோக்குவோம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் திருக்கேதீச்சரம். அதனைத் திருக்கேதீஸ்வரம் என எழுதுவாரும் உளர். ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் அப்பெயர் பெறும் வடிவங்கள் ஒன்றிரண்டல்ல. அத்தலம் அமைந்த பழைய துறைமுக நகரத்தை மாதோட்டம் என்றும் மாந்தை என்றும் தமிழரும், மகாதித்த எனப் பாளி நூலாரும் வழங்கினர். ஓரிடத்துக்குப் பல பெயர் இவ்வாறாக, ஒரு பெயருக்குப் பல இடமும் உண்டு. மன்னார் மாவட்டத்தில் மாந்தை மேற்கு என்றொரு பிரதேச செயலகப் பிரிவு உளது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மாந்தை கிழக்கு என்றொன்று உளது. மாந்தை என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு முகவரி எதனைச் சுட்டுமென எவ்வாறு துணிவது? பெயரையே சாவியாகக் கொள்ளலாகாது என்னும் விதி இங்ஙனம் பிறந்ததே.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவதும் கணினிக்கு இரண்டாகலாம். கொழும்பு என்னுஞ் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். இரண்டும் ஒன்றே என ஒருங்குறி முறை விதித்திருப்பினும், அவ்விதியை நிறைவேற்றாத செயலி இரண்டையும் வேறெனக் கொள்ளும். ஸ்ரீ என்னும் எழுத்தின் நிலை இதனினும் இடர்ப்பாடானது. அது ஸகர மெய்யை முதலாகக் கொண்டும் பதியப்படும். 2005ஆம் ஆண்டு ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஶகர மெய்யை முதலாகக் கொண்டும் பதியப்படும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஒன்றுக்கொன்று ஈடென்னும் விதியோ இல்லை. ஸ்ரீ என்று தொடங்கும் பெயரையுடைய ஒருவர் ஒரே ஏட்டில் இருவராய் நிற்றற்கும், தேடுவார்க்கு அகப்படாது மறைதற்கும் இது போதும்.

அவ்வாறாயின், பெயரை விடுத்து எண்ணைச் சாவியாக்கினால் இடர் தீருமன்றோ எனின், எண்ணையும் ஆராய்ந்தே அமைத்தல் வேண்டும். நமது தேசிய அடையாள அட்டையின் எண்ணில் பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையும் பொதிந்துள்ளன. பெண்களுக்கு அவ்வரிசையெண்ணோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இவ்வமைப்பே தொடர்கின்றது. எழுதுவோர் இலக்கத்தை மாற்றி எழுதின் கண்டறிதற்குச் சோதனை இலக்கமும் உண்டு. இவை பாராட்டத்தக்கன. ஆயினும், இந்நாள் வரிசையில் பெப்ரவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாள் எனவே கொள்ளப்படுகின்றது. ஆதலின் மார்ச்சு முதலாந் தேதி என்றும் 61ஆம் நாளாகும். இதனை அறியாது செயலி எழுதுவோன், நெட்டாண்டல்லாத ஆண்டில் மார்ச்சு முதலாந் தேதி பிறந்தவனை இரண்டாந் தேதி பிறந்தவனாக்கிவிடுவான். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிறந்த நாளே பிழையாகப் பதியப்பட்டிருப்பின், அப்பிழை ஒரு செய்தியின் பிழையாக நில்லாது ஆளைச் சுட்டும் எண்ணினுள்ளேயே புகுந்துவிடும். செய்தியைத் திருத்தின் சாவி பொய்க்கும். சாவியைப் பேணின் செய்தி பொய்க்கும். சாவி பொருளுணர்த்தாத வெற்றெண்ணாய் இருத்தலே நன்று என்பது இதனால் விளங்கும்.

ஏட்டின் வடிவமே மனிதனைப் பொய்யனாக்கும் நிலையும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களையும் முசலிப் பகுதியையும் சேர்ந்தோர் பலர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. அப்போர்க் காலத்திலேயே தமிழர் பலர் கடல்கடந்து இராமேசுவரக் கரையை அடைந்து, மண்டபம் முகாமிற் புகலடைந்தனர். இவருள் ஒருவரிடம், "உம்முடைய ஊர் யாது?" என ஒரே கட்டமுள்ள படிவம் வினவுமாயின் அவர் யாது எழுதுவார்? வாழுமிடத்தை எழுதின் உரிமையுள்ள ஊரைத் துறந்தவராவார். உரிமையுள்ள ஊரை எழுதின் வாழுமிடத்தில் இல்லாதவராவார். எதனை எழுதினும் கணினி தடையின்றி ஏற்கும். விதி எதுவும் மீறப்படவில்லை. பிழை எழுதியவருடையதன்று. இரண்டு உண்மைகளுக்கு ஒரே கட்டத்தை வகுத்தவருடையதாகும். காணியும் பங்கீடும் வாக்குரிமையும் இத்தகைய கட்டங்களைச் சார்ந்து நிற்கும்போது, இது வெறும் ஏட்டியற் குறையென ஒதுக்கத்தக்கதன்று.

இங்ஙனம் இசைவுக்கும் உண்மைக்குமிடையே நேரும் பிணக்கை எவ்வாறு தீர்ப்பது? இதற்குரிய வழியை நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைப் பேணிய நெறியிற் காணலாம். திருஞானசம்பந்தர் பதிகங்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்குடையன. எட்டாம் பாடலில் இராவணன் செய்தியும், ஒன்பதாம் பாடலில் திருமாலும் பிரமனும் தேடிக் காணாமையும், பத்தாம் பாடலில் சமணர் சாக்கியர் பற்றிய குறிப்பும், இறுதியில் தம் பெயர் கூறும் திருக்கடைக்காப்பும் வரும். செல்லரித்த ஏட்டில் இவற்றுள் ஒன்று அழிந்திருப்பின், அழிந்தது எத்தனையாம் பாடல் என இவ்வொழுங்கே காட்டிக்கொடுக்கும். இது விதியின் பயன். ஆனால், அழிந்த பாடல் இன்னது என விதி கூறாது. நூல் பதித்தோர் அவ்விடத்தைத் தாமே இயற்றி நிரப்பினாரல்லர். இப்பாடல் சிதைந்து போயிற்று என்று குறித்து, இடத்தை வெறுமையாக விட்டனர். இது நேர்மையின் பயன். 'கட்டாயம் நிரப்புக' என்னும் கட்டளைக்கு அஞ்சி, பிறந்த நாள் தெரியாதார்க்கெல்லாம் சனவரி முதலாந் தேதியை எழுதிவைக்கும் இக்கால வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த முறையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஏடுகள் தம்முள் மாறுபட்டவிடத்து, அவற்றை ஒப்புநோக்கிச் சிறந்த பாடத்தைத் தெரிந்துகொள்வர். சாமிநாதையர் ஏனைய பாடங்களையும் பாடபேதமாக அடிக்குறிப்பிற் பேணிவைத்தார். தமது முடிபு தவறாயின் பின்வருவோர் திருத்துதற்கு வழி திறந்தே இருத்தல் வேண்டும் என்பதன்றோ அதன் கருத்து! நல்ல தரவுத்தளமும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதாது. எவர், எந்நாள், எச்சான்றைக் கொண்டு மாற்றினார் என்னும் வரலாற்றையும் உடன்காக்கும். திருத்தத்தின் வரலாறு காக்கப்படாத ஏட்டில் திருத்தமும் பிழையும் ஒரே தோற்றத்தன.

இவற்றையெல்லாம் எதிர்த்து ஒன்று கூறப்படலாம். பதிவுகள் கோடிக்கணக்கின, ஒவ்வொன்றின் வழியையும் வரலாற்றையும் பேணுவது பெருஞ்செலவு, அலுவலர்க்கு நேரமேது என்பர். எல்லாவற்றையும் மீள ஆராய்க என நாம் கூறவில்லை. முறையிட்டவன் வந்துநிற்கும் அந்த ஒரு பதிவையேனும் ஆராய்க என்றே கூறுகின்றோம். கொட்டிலே பிரித்தவன் ஒருவன், தெரிந்தவன் வேறொருவன் என இரண்டு கண்கள் இருந்தமையால் கணக்கு நேராயிற்று. இன்றைய ஏட்டுக்கு இரண்டாவது கண், பதிவுக்குரிய மனிதனே. தன் பெயரையும் பிறப்பையும் ஊரையும் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையெனச் சான்று காட்டவும் அவனுக்கு வழியில்லாத ஏட்டில், குவியலைப் பிரிப்பவனும் தெரிபவனும் ஒருவனேயாவன்.

ஆதலின், "கணினியில் இவ்வாறுதான் இருக்கின்றது" என்னும் விடை தவறென்பதிலும் குறைபட்டது என்பதே பொருந்தும். அதனை நிறைவாக்குதற்கு ஒரு தொடர் போதும்: "உம்மிடமுள்ள சான்றைத் தாரும், ஒப்பிட்டுப் பார்ப்போம்." நாளை அலுவலகங்களில் அமரவும் செயலிகளை ஆக்கவும் இருக்கும் நம் மாணவர்கள் இத்தொடரைச் சொல்லப் பழகுவாராயின், கொட்டின் கணக்கு மட்டுமன்றிக் கடலடியின் கணக்கும் ஒருநாள் நேர்படும்.